டிரைவரம்மாவின் பேச்சு

டிரைவரம்மா பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர்கள்கூட அதை மறந்து நின்றுவிடுவார்கள். கடைக்குப் போய் ஒரு துடைப்பம் வாங்கி வந்த கதைதான் என்றாலும் அதில் கடைக்காரரின் தும்மல் வரும், வரிசையில் பின்னால் நின்றவளின் பெருமூச்சு வரும், தும்மலுக்குப் பயந்து ஓடிய பூனை வரும். கடைசியில் துடைப்பம் வந்து சேர்வதற்குள் கேட்பவர்களுக்கு வயிறு வலித்துவிடும். ஜன்னலோரம் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். பிள்ளைகளை அளவெடுக்க அழைத்து வரும் தாய்மார்கள் அளவு கொடுத்த பிறகும் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

புருஷன் அவளுக்கு நேர் எதிர். நகரப் பேருந்து ஓட்டினார், அதனால்தான் அவள் டிரைவரம்மா. கேட்டால்தான் பதில், அதுவும் பாதிப் பதில். பல்வலி வந்தால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு கன்னத்தைப் பிடிக்கிற ஆள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு விஷயம்தான் அவளிடம் கறாராகச் சொன்னார். "நீ யாரைப் பத்தி வேணா பேசு. என்னைப் பத்திப் பேசாத. நம்ம வீட்டு விஷயம் நம்ம வாசலத் தாண்டக் கூடாது." அவளும் அதைக் காப்பாற்றினாள். ஊரில் எல்லோரும் அவள் கதைகளில் வந்து போனார்கள், அவர் மட்டும் வரவேயில்லை.

ஒருநாள் காலையில் பணிமனைக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திவிட்டு, மகன் இரண்டு வாரம் இருந்து பார்த்தான். அவனுக்குத் தொலைதூரத்தில் வேலை. விடுப்பு முடிந்ததும் கண் கலங்கிக்கொண்டே கிளம்பினான்.

அன்றைக்குச் சாத்திக்கொண்டது அவளுடைய உலகம். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், துடைக்க வேண்டும். நடுவில் கிடைத்த நேரத்தில் தைக்க வேண்டும். தெருமுனைக் கடையைத் தாண்டி அவள் போகவில்லை. போனாலும் ஓட்டமாகப் போய் ஓட்டமாக வர வேண்டும். அளவு கொடுக்க வந்தவர்கள் உள்ளேயிருந்து வரும் வாடைக்கும் முனகலுக்கும் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பேசிப் பேசியே வாழ்ந்தவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அந்த ஊசியைத் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அவருக்கு முதலில் திரும்பி வந்தவை இரண்டே சொற்கள்: "சரி", "போ". மூன்றாவதாக வந்தது முழு வாக்கியம். சாலையில் குறுக்கே வருகிறவர்களைப் பார்த்து முப்பது வருஷம் கத்திய வாக்கியம் அது. "கண்ணு எங்கடா இருக்கு?" தண்ணீர் வேண்டும் என்று நினைத்து வாயைத் திறப்பார், இதுதான் வரும். வந்ததும் அவரே திகைத்துப் போவார். அவள் முதல் தடவை சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. தெருமுனை மளிகைக்கடைக்காரர்தான் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். அவர் ஒருநாள் மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணி, நல்ல சேதி. பல்கலைக்கழகத்தோட நம்ம சங்கம் ஒப்பந்தம் போட்டிருக்கு. உடற்பயிற்சி வைத்தியம் படிக்கிற பசங்க வாரத்துக்கு ரெண்டு நாள் வீடு வீடா வருவாங்க. அவங்க படிப்புக்கு அது கணக்கு, நமக்கு வைத்தியம். முதல் வீடு நம்ம அண்ணன் வீடுதான்னு சொல்லிட்டேன்."

"படிக்கிற பசங்களா? கையைக் காலை உடைச்சிட மாட்டாங்களே?"

"ஏற்கெனவே ஆடாத கையை எப்படி அண்ணி உடைக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். ஒரு நெட்டைப் பையன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டான். அறை முழுக்கப் புத்தகப்பையும் செருப்பு வாசமுமாக இருந்தது. யார் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி மட்டும் கட்டிலருகே முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அங்கிள், உங்க கையைத் தொடலாமா?"

அவர் ஏதோ சொல்ல முயன்றார். வந்தது அதுதான். "கண்ணு எங்கடா இருக்கு?"

டிரைவரம்மாவுக்கு உயிரே போயிற்று. அந்தப் பெண் தன் கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, "இதுக்குள்ளதான் அங்கிள் இருக்கு, ரெண்டும் பத்திரமா இருக்கு" என்றாள். டிரைவரின் வாய் ஒருபக்கமாகக் கோணியது. சிரிப்பு என்று புரிந்துகொள்ள டிரைவரம்மாவுக்கே கொஞ்ச நேரம் ஆனது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். அதை மறுக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகள் ஒழுங்காக வந்தார்கள். அவரை இடுப்பு வலிக்காமல் தூக்குவது எப்படி, படுக்கைப்புண் வராமல் எப்படிச் சாய்த்து வைப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடிப்பெண் அவரைத் தலையணை முட்டுக் கொடுத்து உட்காரவைத்தாள், பிறகு முட்டு இல்லாமல் உட்காரவைத்தாள். அவர் தன் காலில் நின்ற அன்று நெட்டையன் கைதட்டியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இந்தத் திட்டத்தை நடத்தியவர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. எல்லோரும் மேடம் என்பார்கள். எப்போதும் அவசரம், எப்போதும் கையில் போன், ஆனால் பேச்சில் தேன். அவர் ஒருநாள் வந்து உட்கார்ந்து, டிரைவரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஆண்டுவிழா வைக்கிறோம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். இந்தப் பிள்ளைங்களுக்கு அதுதான் சந்தோஷம்."

அவள் உடனே ஒத்துக்கொண்டாள். கண்ணாடிப்பெண் அவருக்குத் துணையிருந்தாள். பல்கலைக்கழக வேன் வந்து டிரைவரம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. எத்தனை நாள் கழித்து ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாள்! கடைகளின் பெயர்ப்பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள்.

மேடையில் ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் முதலில் நாக்கு உலர்ந்தது. பிறகு எதிரே இருந்த முகங்களைப் பார்த்தாள். ஒரு கூடம் நிறைய முகங்கள். எல்லாம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடைத்து வைத்த தண்ணீர் மடை திறந்த மாதிரி பேச்சு வந்தது. நெட்டையன் தலையை இடித்துக்கொண்டதைச் சொன்னாள், கூடம் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. ஆரம்ப நாட்களைச் சொன்னாள். ஒருநாள் அவர் படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டதைச் சொன்னாள். தூக்க முடியாமல் விரிப்போடு சேர்த்து அவரைக் குளியலறைக்கு இழுத்துப் போனதும், இருவருமே வழுக்கி ஈரத்தரையில் விழுந்ததும், எழ முடியாமல் கிடந்ததும், அவர் அவள் மடியில் முகத்தை மறைத்துக்கொண்டு குழந்தை மாதிரித் தேம்பியதும். "முப்பது வருஷத்துல அவர் அழுது நான் பாத்ததே இல்ல. அன்னைக்குத்தான் பாத்தேன்" என்றாள்.

கூடத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம். எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடம் ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் வேன் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயையோ, எதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்? 'அவருக்கு எப்படித் தெரியப் போகுது, அவர் எங்க அங்க வரப் போறாரு' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டில் அவர், "சரி?" என்று கேட்டார். எப்படிப் போயிற்று என்று அர்த்தம். "நல்லாப் போச்சுங்க. பிள்ளைங்களுக்கு நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்து, புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் முன்னால் பேசச் சொன்னார்கள். அடுத்து, வேறு நகரத்திலிருந்து வந்த விருந்தினர்கள் முன்னால். பிறகு நன்கொடை கொடுக்கும் நிறுவனத்துக்காரர்கள் முன்னால். ஒருமுறை அவள் குளியலறையை விட்டுவிட்டுப் பேசி முடித்தாள். இறங்கி வந்ததும் மேடம் தோளில் கைபோட்டு, "நல்லா இருந்துச்சும்மா. ஆனா அந்தக் குளியலறை விஷயத்தை மறந்துட்டீங்களே. அதுதான் மனசத் தொடும்" என்றார். அடுத்த முறை அவள் மறக்கவில்லை. இன்னொரு முறை நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். "வீட்ல இருக்கிற மாதிரியே வாங்கம்மா, அதுதான் இயல்பா இருக்கு" என்று மேடம் சொன்னார். நிறம் போன புடவை ஒன்று மேடைக்கென்றே தனியாக ஆயிற்று.

எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை அழைத்தால் வந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் சரி என்று சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பிள்ளைகள் வருவது நின்றால் என்ன ஆகும்? இத்தனைக்கும் மேடம் ஒருநாளும் மிரட்டியதில்லை. ஒருமுறை மட்டும், தேநீர் குடித்துக்கொண்டே, "யாரு நல்லா தேறிட்டாங்களோ அவங்க இடத்துல வேற வீட்டைச் சேக்கணும்னு விதி இருக்கும்மா. அங்கிளுக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்படும்தானே?" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அதற்குப் பிறகு விருந்தாளிகள் வீட்டைப் பார்க்க வரும் நாட்களில், "இன்னைக்கு மட்டும் படுத்திருங்க, உடம்பு அலுப்பா இருக்கும்" என்று டிரைவரம்மா அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் அவர் கைத்தடி ஊன்றி வாசல் வரைக்கும் போகத் தொடங்கியிருந்தார். அவர் அவளை ஒரு பார்வை பார்ப்பார். "சரி" என்பார்.

ஒரு வியாழக்கிழமை கண்ணாடிப்பெண் வந்ததும் வராததுமாக, "அங்கிள், இன்னைக்குத் தெருமுனை வரைக்கும் போறோம்" என்றாள். டிரைவர் சட்டை மாற்றினார். இடது கையால் தலை சீவிக்கொண்டார். டிரைவரம்மா வாசலில் நின்று பார்த்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து, நின்று நின்று, தெருவில் போகிற முதுகு. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். "கண்ணு எங்கடா இருக்கு?" என்று அவர் போட்ட சத்தம் வீடு வரை கேட்டது. சரியான ஆளிடம் சரியான நேரத்தில் வந்த வாக்கியம். அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உள்ளே ஓடி அவருக்குப் பிடித்தமாக ஏதாவது சமைக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

மளிகைக்கடை வாசலில் என்ன நடந்தது என்பதைக் கண்ணாடிப்பெண்தான் பிறகு சொன்னாள். கடைக்காரர் ஓடி வந்து டிரைவரை முக்காலியில் உட்காரவைத்து, குளிர்பானம் உடைத்துக் கொடுத்திருக்கிறார். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, நீங்க இதைப் பாத்ததே இல்லல்ல? அண்ணி என்னமா பேசறாங்க பாருங்க, ஊரே பாத்து அழுவுது" என்று போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கிறார். பல்கலைக்கழகம் அவள் பேச்சைப் படம் பிடித்துப் பரப்பியிருந்தது. அவளுக்கே அது தெரியாது. குளியலறை விஷயம் வந்தபோது கடையில் சாமான் வாங்க நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்களாம்.

"நான் நிறுத்தச் சொன்னேன் ஆன்ட்டி. அவர் காதுல விழல. அங்கிள் கடைசி வரைக்கும் பாத்தாரு. அப்புறம் பாட்டிலைக் கீழ வெச்சுட்டு எழுந்துட்டாரு."

டிரைவர் வீட்டுக்கு வந்தார். சொல்வதற்கு அவரிடம் சொற்கள் இல்லை. அவள் சமைத்ததை ஒழுங்காகச் சாப்பிட்டார். அவள்தான் காலடியில் உட்கார்ந்து, "தெரியாமச் சொல்லிட்டேங்க, கூட்டத்தைப் பாத்ததும் வாய் தானா..." என்று ஆரம்பித்தாள். அவர் இடது கையைத் தூக்கிப் போதும் என்று காட்டினார்.

அடுத்த வாரம் மேடம் நான்கு விருந்தினர்களோடு வந்தார். வேன் சத்தம் தெருமுனையில் கேட்டபோது டிரைவரம்மா தைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மெல்ல எழுந்தார். கட்டிலுக்குப் போனார். கைத்தடியைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார். படுத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். படுக்கச் சொல்லி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. இயந்திரத்தின் மிதியில் அவள் கால் தானாக நின்றது.

விருந்தினர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் அவர் நெற்றியைத் தொட்டாள். டிரைவர் கண்ணைத் திறக்கவேயில்லை. டிரைவரம்மாவுக்கு அன்று பேச வரவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வேனில் ஏறியதும் அவள் மேடத்தை வாசலில் நிறுத்தினாள்.

"மேடம், இனிமே நான் பேச வரல. வீட்டையும் யாரும் பாக்க வர வேணாம்."

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகம் வாடிப் போயிற்று. "உங்க இஷ்டம்மா. யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற விழா வருது. மேலிடத்துல இருந்து எல்லாரும் வராங்க. உங்க பேர் அழைப்பிதழ்லயே அச்சாயிடுச்சு. ஒப்பந்தம் நின்னா நாப்பது வீட்டுக்கும் நிக்கும். எனக்கும் இந்த வேலை நிக்கும்மா" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் தேன் இல்லை. அவரும் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது டிரைவரம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலமே மளிகைக்கடைக்காரர் வந்தார். போனைக் காட்டியது தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட கையோடு, "இந்த ஒரே ஒரு தடவை அண்ணி" என்றார். மூன்று வீடு தள்ளி இருந்தவள், கால் வளைந்த தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்தக் குழந்தைக்கும் மாணவர்கள்தான் நடை பழக்கினார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க்கா" என்றாள். கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு அவள் அவரிடமே கேட்டாள்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க. போய்ப் பேசட்டுமா, வேணாமா?"

அவர் சுவரைப் பார்த்தபடி, "போ" என்றார்.

போய்ப் பேசு என்கிறாரா, என் கண் முன்னால் நிற்காமல் போ என்கிறாரா? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் இரண்டையும்தான் சொல்லிவந்தார். "எந்தப் போங்க?" என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை.

விழா நாளன்று நிறம் போன புடவையை எடுத்தாள், வைத்தாள். நல்ல புடவையைக் கட்டினாள். வேனில் ஏறினாள். மேடம் பார்த்தார், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மேடையில் அவள் நன்றாகத்தான் பேசினாள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள், அவர்கள் கற்றுக்கொடுத்ததைச் சொன்னாள், வளைந்த காலோடு தத்தித் தத்தி வரும் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாக முடித்தாள். முன்வரிசையில் மேடம் காத்துக்கொண்டிருந்தார். குளியலறை விஷயம் வராது என்று தெரிந்ததும் தலைமை விருந்தினரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பெரிய மனிதர் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"அம்மா, ஆரம்ப நாட்கள்ல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே. குளியலறையில ஏதோ நடந்ததுன்னு கேள்விப்பட்டேன். அதை எங்களுக்காகச் சொல்லுங்களேன்."

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கதவெல்லாம் சாத்திய மாதிரி இருந்தது. அழுகை அழைக்காமலே வந்து நின்றது. வாயைத் திறந்தால் அத்தனையும் கொட்டிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கொட்டினால் கைதட்டுவார்கள் என்றும் தெரியும்.

"அது அவர் விஷயம்ங்க" என்றாள். "ஏற்கெனவே அவரைக் கேக்காமச் சொன்னதே தப்பு. மன்னிச்சுக்கோங்க."

கும்பிட்டுவிட்டு இறங்கினாள். யாரோ இரண்டு பேர் கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பெரிய மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு மரங்கள் நடுவதைப் பற்றிப் பேசினார்.

ஒப்பந்தம் நிற்கவில்லை. புதுப்பிப்பது என்று அதற்கு முந்தைய மாதமே மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம். விழா வெறும் விழாதான் என்று மளிகைக்கடைக்காரர் வந்து சொன்னார். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. டிரைவரம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள், நெடுநேரம் சிரித்தாள். ஆனால் புதிய ஒப்பந்தத்தில் டிரைவர் வீடு 'நன்றாகத் தேறிய வீடு' ஆகிவிட்டது. பிள்ளைகள் வேறு தெருவுக்கு மாற்றப்பட்டார்கள். கண்ணாடிப்பெண் மட்டும் கல்லூரி நேரம் முடிந்து தானாகச் சில தடவை வந்தாள். தேர்வு வந்தது, படிப்பு முடிந்தது, வேலைக்கு வேறு ஊருக்குப் போனாள். போகும்போது டிரைவரின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தக் கை அவள் கையைக் கொஞ்சமாக இறுக்கியது.

பயிற்சியை டிரைவரம்மாவே கொடுத்தாள். கண்ணாடிப்பெண்ணுக்கு அடங்கிய அந்த உடம்பு மனைவிக்கு அடங்கவில்லை. "தூக்குங்க" என்றால் "போ" என்பார். மழைக்காலம் வந்ததும் கால் மறுபடி இறுகியது. தெருமுனை வரைக்கும் போனவர் வாசலோடு நின்றார், பிறகு நாற்காலியோடு. அவள் பேசியதைப் பற்றியோ பேசாமல் வந்ததைப் பற்றியோ அவர் ஒரு சாடை காட்டவில்லை. இருவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். உண்மையில் அந்த அறைக்கு ஒரே ஜன்னல்தான். ஒருவர் பார்த்து முடித்தால் மற்றவர் பார்ப்பார்.

அந்த நிலைமையில்தான் மேடம் போன் செய்தார். பழைய தேன் குரல்.

"அம்மா, அடுத்த தெருவுல ஒரு வீடு எடுத்திருக்கோம். கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்த பையன், இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. பொண்டாட்டி சின்னப் பொண்ணு. மேடையில நிறுத்தினா வாயே திறக்க மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் சொல்லிக்கொடுத்தா... நீங்க இதைச் செஞ்சா, வாரத்துல ஒருநாள் அங்கிளுக்குப் பசங்களை அனுப்ப நான் பாத்துக்கிறேன்."

டிரைவரம்மா போனைக் காதில் வைத்தபடி நாற்காலியைப் பார்த்தாள். அவர் இறுகிய காலை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க மேடம்" என்றாள்.

மறுநாள் போனாள். ஒற்றை அறை, நடுவே ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் அந்தச் சின்னப்பெண் பாய் விரித்து உட்காரவைத்தாள். வயது இருபதைத் தாண்டியிருக்காது. கையில் விரல் நகங்களைக் கடித்துக் கடித்து ஒன்றும் மிச்சம் இல்லை.

"அக்கா, நீங்க பேசின படத்தைக் காட்டினாங்க. எனக்கு அப்படியெல்லாம் வராதுக்கா. என்ன சொல்லணும், எதைச் சொன்னா நல்லா இருக்கும்னு நீங்களே சொல்லிடுங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

"உன் புருஷன்கிட்ட கேட்டியா?"

"அவருக்கென்னக்கா தெரியும், படுத்த படுக்கையா கிடக்கறாரு."

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. அங்கே ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது டிரைவரம்மாவுக்குப் புரிந்தது. எழுந்தாள். பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு திரையை விலக்கினாள்.

"தம்பி, நாங்க உள்ளாற உக்காந்து பேசலாமா?"

அந்தப் பையன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். கட்டிலை ஒட்டிப் பாயை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"இப்ப சொல்லு. உனக்கு என்னென்ன சொல்லத் தோணுது?"

சின்னப்பெண் ஆரம்பித்தாள். சாரத்திலிருந்து விழுந்த அன்று போன் வந்ததைச் சொன்னாள். மருத்துவமனை வராந்தாவைச் சொன்னாள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் என்று தொடங்கியவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள், நிறுத்தினாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை இறுகியிருந்தது.

"இதை விட்டுடவாக்கா?"

"என்னைக் கேக்காத."

அவள் அவனைப் பார்த்தாள். "விட்டுடு" என்றான் அவன், கூரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அதற்கு மேல் மிஞ்சியது கொஞ்சம்தான். மேடையில் நின்று சொன்னால் கூடம் அழாது. மேடத்துக்குப் பிடிக்காது. வாரத்தில் ஒருநாள் என்று சொன்னது வருமா வராதா என்பதும் இனி மேடத்தின் கையில். டிரைவரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீட்டில் அவருக்குக் கால் நீவிவிடும் நேரமாகிவிட்டது.